அச்சுக்குள்ள வேகுற ரப்பர்

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒத்தக் கதவுக் கடை. அச்சுக்குள்ள ரப்பர் வேகுது, கந்தக வாடை மூக்க அரிக்குது. ஷாமிளா அச்சோட கைப்பிடிய யாரும் தொட விடாம இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அவளும் புருஷன் நிரோஷனும் தொடங்கின இந்தக் கடைக்கு இதுதான் முதல் ஃபெக்டரி வேல. மேல தோட்டத்துத் தேயில ஃபெக்டரியில ரோலர் மெஷினோட ரப்பர் புஷ் வளையம் வெடிச்சிருச்சி, அதுக்குப் பதில்தான் இப்ப அச்சுல வேகுது. மெஷின் நிக்குது, பறிச்ச கொழுந்து பூரா சூடேறி செவக்குது. கொழும்புக்கு ஓடர் குடுத்தாச்சி, ஆனா சாமான் நாளைக்கித்தான் வரும். அதான் ஃபெக்டரிய நடத்துற டீமேக்கர் ஐயாவே வேன்ல வந்து வாசல்ல நின்னு, ஷாமிளாவ சிங்களத்துல தங்கச்சின்னு கூப்பிட்டுக் கத்துறாரு. "நங்கி, போதும், தொறங்க! அங்க கொழுந்து நாசமாப் போகுது!" நிரோஷன் கை தானா கைப்பிடிக்குப் போகுது. "கைய எடுங்க. இப்ப தொறந்தா பபிள்கம்தான் கெடைக்கும்," ஷாமிளா பல்லக் கடிச்சிக்கிட்டு சொல்றா. "ஐயா கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாருன்னா?" "போகட்டும். வேகாதத குடுத்தா இந்தப் பக்கமே வர மாட்டாரு." வெளிய வேன் எஞ்சின் உறுமுது. நெத்தி வேர்வ கண்ணுக்குள்ள எறங்குது, அவ தொடைக்கல. கடைசியா ஒரு மூச்ச இழுத்துக்கிட்டு அச்ச தொறக்குறா. கறுப்பு வளையம் ஆவி பறக்க வெளிய வருது. டீமேக்கர் கட்டவிரல் நகத்தால அத அழுத்துறாரு. வெந்த ரப்பர்னா பள்ளம் திரும்ப நெரம்பணும். பள்ளம் அப்பிடியே நிக்குது. நிரோஷன் கண்ண மூடிக்கிறான். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, பள்ளம் மேல எழும்பி வழவழன்னு ஆகுது. டீமேக்கர் சட்டப் பையில இருந்து லேஞ்சிய உருவுறாரு. வளையத்த அதுல சுத்திக்கிட்டு வேன் டிரைவர் தம்பியப் பாத்து ஓடுறாரு. "மல்லி, கொழும்புக்குக் கோல் எடுத்து அந்த ஓடர் வேணாம்னு சொல்லு!"