கழுவியும் போகாத வாசனை

"என் கிளாஸ்ல யாரோ குடிச்சிருக்காங்க."

மூக்கர் மெதுவாகத்தான் சொன்னார். அல்லி மொட்டைப் போல அடி பருத்து வாய் குறுகிய அந்தக் கிளாஸ், கழுவித் துடைத்து அலமாரியில்தான் இருந்தது. மதுபான ஆலையில் மோந்து பார்த்தே தரம் சொல்கிற உத்தியோகம் அவருக்கு. அங்கே வைத்த பேர்தான் மூக்கர்.

"என்னோட பிராந்திதான். மத்தியானம் ஊத்தியிருக்கு. கழுவினாப் போயிடுமா? வாய் குறுகின கிளாஸ், வாசனைய லேசுல விடாது."

நாற்காலியில் இருந்த மனைவியின் அண்ணன் எழுந்தார். தங்கையைக் கையோடு கூட்டிப் போய்விட வந்தவர். அவள் முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டார், பெட்டியும் கட்டியாகிவிட்டது.

"மாப்பிள்ளை, நான் குடிக்கிறதே இல்ல. தங்கச்சிய அனுப்பி வையுங்க, நாங்க பாட்டுக்குப் போயிடறோம்."

"திருடிக் குடிச்ச வாயால என் பொண்டாட்டிய வேற கேக்கறியா மச்சான்?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதில் அண்ணன் மேஜையோடு சரிந்தார். வரிசையாக நின்ற கிளாஸ்கள் உருண்டு நொறுங்கின. அவர் கை ஊன்றிய இடத்தில் ரத்தம் கோடாக ஓடியது.

"ஏங்க, அவர விட்ருங்க. நாந்தான் குடிச்சேன்" என்றாள் மனைவி.

மூக்கர் சிரித்துவிட்டார். "நீயா? மூடியத் திறந்தாலே குமட்டுதுன்னு வெளிய ஓடறவ. அண்ணனுக்காக நல்லாத்தான் புளுகற."

உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தார். வேலை முடிந்து வந்ததும் அவர் மட்டும் ஊற்றிக்கொள்கிற பிராந்தி. வீட்டில் வேறு கை அதன்மேல் படக்கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நேற்று பேனாவால் போட்டு வைத்த கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"கில்லாடிதான்டா நீ. குடிச்ச அளவுக்குத் தண்ணிய ஊத்தி வச்சிருக்க."

"சத்தியமா நான் தொடல மாப்பிள்ளை."

"தொடலியா? இப்பத் தொடு."

அண்ணனின் தலைமுடியைப் பற்றிப் பின்னால் வளைத்து, முழங்காலால் மார்பை அழுத்தினார். பாட்டிலின் கழுத்து பல்லில் இடித்தது, உதடு கிழிந்தது. "மிச்சத்தையும் நீயே குடிச்சிட்டுப் போ."

மனைவி பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை அடி வாங்கியும் எதிர்த்து ஒரு கை நீட்டாதவள், பாருங்கள். ஒரே உதை. கண்ணாடிச் சில்லுகளின் மேல் போய் விழுந்தாள்.

அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது.

அவள் சில்லுகளின் மேலேயே தவழ்ந்து வந்தாள். ரத்தம் ஒழுகும் விரல்களை அண்ணனின் வாய்க்குள் விட்டாள்.

"துப்புண்ணா, அது அவருக்குக் கலந்து வச்சது."