குருவிக்கு மட்டும்

"யாருடி அது, சாப்பிடும்போதுகூட?"

மகள் போனைத் தட்டுக்குப் பின்னால் நகர்த்தினாள். "குருவி."

"எந்தக் குருவி?"

"ஃப்ரெண்டு. உனக்குத் தெ... தெ..."

"தெரியாதா? எனக்குத் தெரியாம அப்படி என்னடி ஃப்ரெண்டு?" மீதியை அம்மாவே முடித்துவிட்டாள்.

மகளின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "பாத்தியா? குருவி இப்படிப் பண்ணாது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கும்."

"ஆமா, குருவிதானே உன்னைப் பெத்துச்சு!"

பாதிச் சாப்பாட்டில் தட்டு நகர்ந்தது. அம்மாவுக்கு வயிறு எரிந்தது. பெற்றவளுக்கு 'ஒண்ணுமில்ல', 'சும்மா விடும்மா'. குருவிக்கு மட்டும் பக்கம் பக்கமாக!

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சில் திக்கல் உண்டு. வகுப்பில் பாடம் வாசிக்கும்போது அவள் தடுமாறியதை யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, தாளம் சேர்த்துப் பாட்டாக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விட்டார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் அதன் கீழே வரிசை கட்டின.

அதற்குப் பிறகு தினம் ஒரு புதுப் பாட்டு. மகள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். பள்ளிக்குப் போவது நின்றது.

வேறொரு பிள்ளையின் தாய் அந்தப் பாட்டை அனுப்பி வைத்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. கேட்டாள், கெஞ்சினாள், அதட்டியும் பார்த்தாள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம்தான் மகளின் போனுக்கு, முகம் காட்டாமல், குருவி வந்து சேர்ந்தது.

குருவியிடம் மகள் எல்லாவற்றையும் கொட்டினாள். யார் பதிவு செய்தது, யார் முதலில் சிரித்தது, பக்கத்தில் உட்காரும் தோழியே அதை நாலு பேருக்கு அனுப்பியது எல்லாம். மகளின் போனை அம்மா ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு எரிந்தது.

அம்மாவுக்குத் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியில் வேலை. 'மெஷின் குதிக்கிறது', 'தண்ணீர் இறங்கவில்லை' என்று புகார் எழுதுகிறவர்களுக்குக் கணினியில் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும், திட்டுகிறவர்களுக்கும் மரியாதையாக. கடைசி வரி எப்போதும் 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' என்பதுதான், வீட்டிலும் அது வாய் தவறி வந்துவிடும். மறுநாள் மதிய இடைவேளையில் பக்கத்து மேசைக்காரியிடம் புலம்பித் தீர்த்தாள்.

"நேத்து முளைச்ச குருவி அது! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, எதையும் அழிக்காதே, திருப்பித் திட்டாதேன்னு அது சொன்னா உடனே செய்யறா. நான் சொன்னா காதுலயே விழமாட்டேங்குது."

"நல்லதுதானே சொல்லுது?"

"நல்லதுதான். அதை ஏன் குருவி சொல்லணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மேசைக்காரி சிரித்துவிட்டாள். "அவ்வளவு எரிச்சலா இருந்தா அந்தக் குருவிய விரட்டி விட்டுடேன்."

அம்மா டிபன் டப்பாவை அழுத்தி மூடினாள். "விரட்டிட்டா அவ யார்கிட்ட பேசுவா?"

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மகள் சோபாவில் குறுகி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் ஒரு புதுப் பாட்டு வந்திருந்தது.

"நான் இனிமே ஸ்கூலுக்கே போ... போகல. படிச்ச வரைக்கும் போதும்."

அம்மாவின் கைப்பை நழுவியது. "அவனுங்க பாட்டுப் போட்டா நீ படிப்ப விடுவியா? நாளைக்கே டீச்சர்கிட்ட போவோம். நான் பேசறேன்!"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். குருவிகிட்ட கேட்டிருக்கேன். அது சொல்லட்டும்."

சுருக்கென்று தைத்தது. ஒரு பிள்ளையின் படிப்பே போகப்போகிறது, தீர்ப்புச் சொல்லக் குருவி! காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று பால்கனிக்குப் போன அம்மா, வெகு நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

மகள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அதுவும் குருவிக்குத்தான் கிடைத்தது.

"என்னவாம் உன் குருவி?" துணியைத் தேவைக்கு மேலேயே உதறி மடித்தாள் அம்மா.

மகள் தடுக்கித் தடுக்கி வாசித்துக் காட்டினாள். "'வெட்கப்பட வேண்டியது நீ இல்ல, வெட்டி ஒட்டினவங்க. எடுத்து வெச்ச ஸ்கிரீன்ஷாட்டையெல்லாம் டீச்சர்கிட்ட காட்டு. தனியா போகாதே, அம்மாவோட போ. வேறு ஏதேனும் உதவி தேவையா?'"

"இதையேதானேடி நானும் சொன்னேன்!"

"சொன்னே. நீ கத்திச் சொன்னே."

"அப்ப அந்தக் குருவியவே கூட்டிட்டுப் போ! நான் எதுக்கு?" சொல்லும்போதே அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

மகள் எழுந்து வந்து அந்தத் துணியை வாங்கிக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா குறுக்கே புகாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதான் கூப்பிடறேன். நாளைக்கு ஸ்கூலுக்கு வா, கு... குருவி."