ஓடு மாறிய புழு

"இந்தக் கட்டுரை வெளியே போகாது" என்று தாள்களைத் தள்ளி வைத்தார், முந்தாநாள்தான் பொறுப்பேற்ற ஆய்வக இயக்குநர்.

"ஏன் சார்?" என்றாள் எதிரே நின்ற ஆய்வாளர்.

"சிப்பிக்குள்ள வாழற நன்னீர்ப் புழு. புது இனம்னு முப்பது வருஷம் முன்னாடி எங்க பேராசிரியர் எழுதினது. அப்படி ஒரு இனமே இல்லைங்கறியேம்மா!"

"இல்லைதான் சார். நத்தை ஓட்டுல இருக்கிற பழைய புழுவேதான் இது. சிப்பிக்குள்ள அதோட உடம்பு முடி கட்டையா இருக்கு, அவ்வளவுதான். நத்தைக்கு மாத்தி விட்டேன். மூணே வாரத்துல நீளமா வளர்ந்துடுச்சு. வாடகை வீடு மாறினா ஆளே மாறிடுவாங்களா?"

"அவர் மனசு உடைஞ்சிடும்."

"அதுக்காகப் புழு பொய் சொல்லுமா சார்?"

இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறியது.

"உனக்கு ஈவிரக்கமே கிடையாதா? மகள் பிறந்த சந்தோஷத்துல 'பொம்மி'ன்னு அவளோட செல்லப் பேரையே அந்தப் புழுவுக்கு வச்சார். அந்தக் குழந்தையை நானே தூக்கி வச்சிருக்கேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து அந்தப் பேரை அடிச்சா, அந்தப் பொண்ணு சும்மா விடுவாளா?"

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"விட மாட்டேன் சார். நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

"நீ..?"

"அந்தப் பொம்மிதான். எனக்கு அப்பாவோட பாசம் போதும். புழுவுக்கு அதோட பழைய பேர் இருக்கு, கையெழுத்துப் போடுங்க சார்."