அடுத்த வரிக்குப் போன எழுத்து

"இது ஆறாவது கடிதம், ரென்ஸ்கே. இதுவும் உன் கோப்புலதான் சேரும்" என்றார் பத்திரிகை ஆசிரியர் யோரிஸ்.

ரென்ஸ்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹார்லெமில் அந்த நாளிதழுக்குப் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். டச்சு மொழியில் நாலைந்து சொற்களை மூச்சுவிட இடமில்லாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். ஒடுங்கிய பத்தியில் அது வரி தாண்டும்போது, ஒட்டுப்போட்ட இடத்தில்தான் வெட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பதுகூட அங்கே ஒரே நீளச் சொல்தான். அதன் நடுவிலிருக்கும் 'ஸ்' முன்பாதிக்குச் சொந்தம். போன வாரப் பேப்பரில் அது அடுத்த வரிக்குக் குடிபோயிருந்தது.

வெட்டியது புதிதாக வந்த கம்ப்யூட்டர். அது வெட்டியதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவரே யோரிஸ்தான். அதைச் சொன்னால் அவர் காதில் விழவில்லை. கடிதம் எழுதிய நாற்பது வருட வாசகர் ஃபான் ஹாஸ்டர் பேப்பரையே நிறுத்தப்போகிறாராம். நிறுத்தினால் ரென்ஸ்கேவின் வேலையும் நிற்குமாம். புகார் இல்லாமல் அந்த நாட்டில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கோப்பு கனத்துவிட்டால் முடியும்.

சனிக்கிழமை, ஆப்பிள் கேக்கும் கையுமாகப் போய் ஃபான் ஹாஸ்டர் வீட்டு மணியை அழுத்தி, தான் யாரென்று சொன்னாள். எண்பதைத் தாண்டிய மனிதர். கேக்கை உள்ளே கொண்டுபோய் வைத்தார். காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார்.

"ஏம்மா, ஒரு சொல்லை ஒழுங்கா வெட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

"வெட்டினது நான் இல்லைங்க ஐயா, மெஷின். நீங்க பேப்பரை நிறுத்தினா என் வேலை போயிடும்."

கிழவர் விழித்தார். "நான் எதை நிறுத்துறது? பேப்பரே என்னுது இல்லையே. பக்கத்து வீட்டுக்காரர் படிச்சு முடிச்சுட்டு என் கதவுத் துவாரத்துல போடுவார்."

"நிறுத்துவேன்னு எழுதியிருந்தீங்களே?"

"அப்படி எழுதினாத்தான் பயப்படுவாங்கன்னு அவர்தான் சொன்னார். எனக்குக் கண்புரை. அந்தப் பொடி எழுத்து எங்கே தெரியுது? தப்பைத் தேடி வட்டம் போட்டு, கடிதத்தையும் எழுதி அவரே கொண்டுவந்துடுவார். நான் கையெழுத்து மட்டும்தான்."

யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்டாள் ரென்ஸ்கே.

"உங்க ஆபீஸ்லதான் ஏதோ சின்ன வேலையாம். 'நான் சொன்னா எங்க ஆசிரியர் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறார்'னு புலம்புவார், பாவம் யோரிஸ்."