துருவும் சருகும்

சொத்துப் பிரித்தபோது கிணறு மூத்த மருமகள் மரியசெல்வத்துக்கும், குழாய்க்கிணறு இளையவள் ரோஸ்லினுக்கும் போனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வேலிக்கு இருபுறமும் மேயும் கோழியிடம் சொல்வார்கள், அடுத்தவள் காதில் விழும்படி. கிணற்றில் அயனி மரத்துச் சருகு ஊறித் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா போலிருக்கும். குழாய்த் தண்ணீரோ தெளிவாக வந்து, வாளியில் நின்றதும் துருவாய்ச் சிவக்கும்.

தேவாலயத்தில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், ரோஸ்லினின் மகள் வெள்ளைக் கவுனில் பாயசத்தைக் கொட்டிக்கொண்டாள். எதில் அலசுவதென்று தெரியாமல் ரோஸ்லின் முழித்தாள்.

"ஏ கோழி, துருத் தண்ணியில முக்கச் சொல்லு. பிள்ளை காவி கட்டிப் போகட்டும்" என்றாள் மரியசெல்வம்.

ரோஸ்லினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிவந்து கிடந்த தண்ணீரை வேலிக்கு மேலாக, மூத்தவள் கிணற்றுத் தண்ணீர் பாதி நிறைத்து வைத்திருந்த அண்டாவில் வாளி வாளியாகக் கவிழ்த்தாள். மரியசெல்வம் சாயங்காலம் வரை கோழியைத் திட்டித் தீர்த்தாள். பிறகு திடீரென்று சத்தமில்லை.

ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். துருவும் சருகின் கறையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அண்டாவின் அடியில் சேறாக உட்கார்ந்திருந்தன. மேலே நின்ற தண்ணீருக்குள் மரியசெல்வத்தின் கைரேகைகூடத் தெரிந்தது.

அதில் அலசிய கவுன் கொடியில் ஏறியபோது, அந்த வெளுப்பில் கண் கூசியது. ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏ கோழி," என்றாள் மரியசெல்வம், "நாளைக்கும் ரெண்டு வாளி ஊத்தச் சொல்லு."

"ஊத்துறேன்னு சொல்லு."

கோழி எப்போதோ கூட்டில் அடைந்துவிட்டிருந்தது.