ஆறு மீன்களும் வாவிக்குப் போன நாள்

பனிச்சங்கேணி வாவியில் இருபது வருடம் வலை வீசியவர் யோகநாதன். தென்னையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், எட்டு மாதமாகக் கட்டிலோடு கிடந்தார். அவருக்குப் பராக்காக இருக்கட்டுமென்று மனைவி சுலோஜனா ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினாள். வாவியில் பிடித்த ஆறு சின்ன மீன்களை அதில் விட்டுக் கட்டிலருகே வைத்தாள்.

அவர் நாள் முழுக்க அவற்றையே பார்த்துக் கிடந்தார். ஒரு காலையில் சொன்னார்:

“புள்ள, இதுகளைக் கொண்டுபோய் விட்டிட்டு வா. கண்ணாடியில முட்டி முட்டித் திரும்புதுகள். எனக்குப் பார்க்க ஏலாமக் கிடக்கு.”

“பிறகு நீங்க எதைப் பார்ப்பீங்க?”

“நான் கிடக்கிறது என்ர தலையெழுத்து. இதுகள் என்ன குற்றம் செய்ததுகள்?”

சுலோஜனாவுக்கு மனமில்லை. மீன்கள் வந்த பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். ஆனாலும் வாளியில் அள்ளிக்கொண்டு போனாள். வாவியில் முழங்காலளவுக்கு இறங்கி வாளியைச் சரித்தாள். ஆறு மீன்களும் கொஞ்ச நேரம் அவள் கால்களைச் சுற்றி நின்றுவிட்டு ஆழத்துக்குப் போயின.

வீடு திரும்பியபோது அவர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி இண்டைக்குச் சரியான குளிர், என்ன?”

அவள் போர்வையை விலக்கினாள். மெத்தை காய்ந்திருந்தது. அவருடைய கால்கள் மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தன. விரலிடுக்குகளில் சேறு ஒட்டியிருந்தது.

துவாயை எடுத்துத் துடைக்கக் குனிந்தாள்.

“கொஞ்சம் இருக்கட்டும், புள்ள” என்றார் அவர்.