தின்னு வளர்த்த உடம்பு

“சோத்தைக் குறைடான்னு சொன்னா கேக்கறானா, டாக்டர்? இப்ப கத்தி வைக்கணுமாம், கத்தி!”

நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே மருதமுத்து ஆரம்பித்துவிட்டார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் கூவி விற்கிற தொண்டை. கிளினிக் என்றால் மட்டும் அடங்கிவிடுமா என்ன? வெளியே காத்திருந்த பதினோரு பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நர்ஸ் ஜெயாவுக்கு எரிச்சலாக வந்தது. கதவைச் சாத்தினாள்.

மருதமுத்துவின் தம்பி சுப்பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கிளேபாங் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். கொளுத்துகிற வெயிலிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்தான்.

“சட்டையைக் கழட்டுங்கோ தம்பி,” என்றார் டாக்டர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், அதிராமல் பேசுவார்.

சுப்பையன் தயங்கி ஜெயாவைப் பார்த்தான். அவள் புரிந்துகொண்டு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். காது மட்டும் இங்கேதான்.

“நெஞ்சைப் பாருங்க டாக்டர், பொம்பள மாதிரி! மெர்டேக்கா சுதந்திர விழா முடிஞ்சு ஒரே வாரத்துல இவனுக்குக் கல்யாணம். நலுங்குக்கு சட்டையில்லாம மணையில உக்காரணும். கஜா பெராங் ஊரே வந்து மஞ்சள் பூசும். என் மானம் போயிடாது?”

“போறது என் மானம்ணே,” என்றான் சுப்பையன் மெதுவாக. “டாக்டர், முப்பது வயசாச்சு. இதுக்குப் பயந்தே ரெண்டு பொண்ணை வேணாம்னுட்டேன். இந்த மல்லிகாவை விட மனசில்ல. ஆபரேஷன் பண்ணிவிடுங்க. இல்லேன்னா இந்தக் கல்யாணத்தையும் நிறுத்திடுவேன். ஆனா அண்ணன் சரின்னு சொல்லணும்.”

“சொல்ல மாட்டேன்! தின்னு வளர்த்த உடம்பை ஓடித்தான் கரைக்கணும். சோம்பேறிக்குத்தான் கத்தி. மிசி, நீங்களே சொல்லுங்க!”

மிசி என்று தன்னைக் கூப்பிட்டது காதில் விழாததுபோல் ஜெயா மருந்துப் புட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

“ஓடலையாண்ணே? ஆறு மாசமா விடியறதுக்குள்ள கிளேபாங் போய்த் திரும்பறேன். ராத்திரிக்குச் சோறே கிடையாது. பகல்லயும் நீ கரண்டியில அளந்துதானே போடச் சொல்ற?”

“அளக்காம? விட்டா பானையைக் காலி பண்ணிடுவான், டாக்டர்!”

அண்ணனா இது? பெற்ற அப்பன்கூட அடுத்தவர் முன்னால் இப்படி மானத்தை வாங்கமாட்டான் என்று நினைத்தாள் ஜெயா. ஆனால் அந்த மனுஷன் சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் செய்தது. சாப்பாட்டுக் கடையில் சுப்பையனை அவள் பார்த்திருக்கிறாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான். வழித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த இலையைப் பார்ப்பான்.

டாக்டர் தராசில் ஏற்றி இறக்கினார். பழைய கார்டைப் புரட்டினார்.

“பதினாறு ராத்தல் குறைஞ்சிருக்கு. வயிறு ஒட்டிக் கிடக்கு. மருதமுத்து, இங்க கையை வையுங்கோ. கொழுப்பெண்டால் மெத்தெண்டு இருக்கும். இது தட்டு மாதிரி கெட்டியா இருக்குதெல்லோ? இது சுரப்பி. ஓடினால் வயிறு குறையும், இது குறையாது. வெட்டி எடுக்கிறதுதான் வழி.”

“அப்ப இவ்வளவு நாள் இவன் ஓடினது?”

“உடம்புக்கு நல்லது. இதுக்கு மருந்தில்லை.”

மருதமுத்துவுக்கு அது ஒப்பவில்லை. “சோத்தால வந்தது சோத்தைக் குறைச்சா போகணும்தானே?” என்று முணுமுணுத்தார்.

டாக்டர் சுப்பையனிடம் திரும்பினார். “இது எப்ப வந்தது தம்பி?”

“சண்டை முடிஞ்ச பிறகு. நாப்பத்தஞ்சு கடைசியில.”

“அதுக்கு முன்னம் பெரிய காய்ச்சல் ஏதும்?”

“காய்ச்சல், வயித்துப்போக்கு எல்லாம் இருந்துச்சு. சயாம்ல.”

டாக்டரின் பேனா நின்றது.

“சயாம் ரயிலுக்குப் போனனீங்களோ?”

“ஆமா, டாக்டர். ரெண்டு வருஷம்.”

ஜெயாவின் தாய்மாமனும் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரனுக்கு அந்த ரயில்பாதை போடப் போனவர்தான். திரும்பி வரவேயில்லை. சயாம் என்று யாராவது சொன்னால் அவள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு அடங்கிவிடும்.

“அப்ப இது தின்று வந்ததில்லை,” என்றார் டாக்டர். “எலும்பும் தோலுமாத் திரும்பி வந்த ஆக்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறன். மாசக்கணக்கில பட்டினி கிடந்த உடம்புக்குச் சோறு கிடைக்கத் தொடங்கினால் சில பேருக்கு மார்பு இப்படி வீங்கும். அநேகமாகத் தானாகவே வத்திப் போகும். ஒண்டு ரெண்டு பேருக்கு இறுகி நிண்டுவிடும். இது பட்டினியால வந்தது, மருதமுத்து.”

மருதமுத்துவின் நாற்காலி கிரீச்சிட்டது. நல்லா வேணும் என்று ஜெயாவுக்குத் தோன்றியது. கரண்டி போட்டு அளந்தாராமே!

“சயாமுக்குப் போகேக்க உங்களுக்கு என்ன வயசு?”

“பதினாறு.”

“ஐயோ, பதினாறோ? சின்னப் பெடியனை ஆர் அனுப்பினது?”

சுப்பையன் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டினான். “வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு ஜப்பான்காரன் சொன்னான். பழசெல்லாம் எதுக்கு, டாக்டர்? ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்க.”

ஜெயா திரும்பிப் பார்த்தாள். மருதமுத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்படியே பேசினார். அந்த மார்க்கெட் குரலைக் காணோம்.

“லிஸ்ட்ல இருந்தது என் பேரு, டாக்டர். அண்ணனுக்குக் கல்யாணமாகி மூணே மாசம்னு, இவன் போய் வரிசையில நின்னு என் பேரைச் சொல்லிட்டான்.”